பதினோரு பேர் தமிழ் வாசிக்கிற ஒரு ரங்கூன் சபை

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, காணிக்கையை எண்ணிக் கணக்கில் எழுதிவிட்டு, அப்படியே உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் சபையில் தமிழ் வேதாகமத்தைத் திறந்து தடங்கல் இல்லாமல் வாசிக்கிறவர்கள் இப்போது பதினோரு பேர். அதில் ஏழு பேருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பதினோரு பேரில் வயதில் இளையவன் நான், எனக்கு ஐம்பத்திரண்டு. எனக்கும் இது பள்ளிக்கூடத்துத் தமிழ் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கடியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தது. பள்ளியில் படித்ததெல்லாம் பர்மியம்.

ஆறு வருஷமாக இந்தச் சபையின் செயலாளராக இருக்கிறேன். அந்த ஆறு வருஷத்துக்குள் கொரோனா வந்தது, ஆட்சி மாறியது, மாதக்கணக்கில் போனில் இண்டர்நெட் இல்லாமல் இருந்தோம், வாலிபர்களில் பாதிப் பேர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள், முப்பது வருஷம் எங்களோடு இருந்த ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓய்வுபெற்றார். சென்னையில் இருக்கிற சொந்தக்காரர்கள் போனில் கேட்பது, "உங்க சபை இன்னும் தமிழ்ச் சபைதானா?" இங்கே இருக்கிற பிள்ளைகள் கேட்பது, "இன்னும் எத்தனை நாளைக்கு இதைத் தமிழ்லயே இழுத்துக்கிட்டு இருப்பீங்க?" இரண்டு கேள்விக்கும் ஆரம்பத்தில் நான் கொடுத்த பதில் தப்பு. அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், வேறு ஏதோ ஊரில் இதே பொறுப்பில் இருக்கிற ஒருவர் இதைப் படிக்கலாம் என்பதற்காகவாவது.

எங்கள் கோயில் பசுண்டாங் ஓடைப் பக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஓடையோரம் நெடுக அரிசி ஆலைகள். கப்பலின் மேல்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கி, மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தைக் கழிப்பதற்கே மாதக்கணக்கில் மூட்டை சுமந்த ஆட்கள்தான் எங்கள் சபையின் முதல் தலைமுறை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பர்மியம் ஒரு வார்த்தை தெரியாமலே இந்த ஊரில் பிழைத்துவிடலாம் என்று தாத்தா சொல்வார். அப்புறம் 1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்டான். லட்சக்கணக்கான பேர் அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் வழியாகவும் கால்நடையாகக் கிளம்பினார்கள், வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை, எங்கள் தாத்தாவின் அண்ணனும் அதில் ஒருவர். போர் முடிந்ததும் கொஞ்சம் பேர் திரும்பி வந்து பெஞ்சுகளை மறுபடி நிரப்பினார்கள். 1962-ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார், இரண்டு வருஷத்துக்குள் வங்கி, கிடங்கு, கடை என்று எல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போனது, திரும்பவும் ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். சென்னையில் பர்மா பஜாரும் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பர்மா காலனிகளும் உண்டானது அந்தக் கப்பல்களில் இறங்கியவர்களால்தான். 1965-ல் மிஷன் பள்ளிக்கூடங்கள் அரசுடைமை ஆயின, அடுத்த வருஷம் வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற வேண்டியிருந்தது.

ஆக, மாற்றம் என்பது எங்களுக்குப் புதுசு இல்லை. ஒவ்வொரு தடவையும் எதைத் தூக்கிக்கொண்டு போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2019 கடைசியில் நான் பொறுப்புக்கு வந்தபோது அந்த முடிவு என் கையில் வந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

நான் கொண்டுவந்த தீர்மானம் இதுதான்: மாதத்தில் மூன்று ஞாயிறு பர்மிய ஆராதனை, ஒரு ஞாயிறு தமிழ் ஆராதனை. காரணம் இல்லாமல் கொண்டுவரவில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். என் மகளே ஒரு நாள் பிரசங்கம் முடிந்ததும் "அப்பா, ஐயர் இன்னைக்கு யாரைப் பத்திச் சொன்னார்?" என்று பர்மிய மொழியில் கேட்டாள். அன்று ஐயர் கெட்ட குமாரன் கதையைச் சொல்லியிருந்தார். அந்தக் கதைகூடப் போய்ச் சேரவில்லை என்றால் நாம் என்னதான் செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கவலை நியாயமானது என்றுதான் இப்போதும் சொல்வேன்.

கமிட்டியில் ஒன்பது பேர். நான் அமெரிக்க மிஷனரி ஜட்சனைத் துணைக்கு அழைத்தேன். பர்மாவில் வளர்ந்த கிறிஸ்தவன் எவனுக்கும் ஜட்சன் கதை மனப்பாடம். 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார், மொழியைக் கற்றுக்கொள்ளவே வருஷங்கள் போயின, முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார், 1824-ல் வெள்ளைக்காரனோடு யுத்தம் வந்தபோது அன்றைய தலைநகரான ஆவாவில் சிறையில் போட்டார்கள், மொழிபெயர்த்த கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார், 1834-ல் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் முடித்தார். "அவர் நம்ம ஊரே இல்லை, அவரே பர்மியத்துக்கு மாறினார். இங்கயே பிறந்த நமக்கு என்ன தயக்கம்?" என்று நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். ஆறுக்கு மூன்று என்று தீர்மானம் நிறைவேறியது. 2020 ஜனவரி முதல் ஞாயிறிலிருந்து அமலுக்கு வந்தது.

மூன்றாவது பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு ஆச்சி உட்காருவார். பெயர் வேண்டாம், சபையில் எல்லாருக்குமே அவர் ஆச்சிதான். லுங்கிக்கு மேல் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு, ரெக்சின் அட்டை போட்ட கீர்த்தனைப் புத்தகத்தை மடியில் வைத்திருப்பார். அந்தப் புத்தகத்தின் ஓரங்கள் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுப் பழுத்த இலை மாதிரி ஆகிவிட்டன, பக்கம் புரட்டினால் சத்தமே வராது, அவ்வளவு மெத்தென்று இருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருக்கும். பாட்டு எண் சொன்னால் புத்தகத்தைத் திறப்பாரே தவிர பார்த்துப் பாட மாட்டார், எல்லாம் மனப்பாடம். முதல் பர்மிய ஞாயிறு வந்தார். இரண்டாவது வாரமும் வந்தார். மூன்றாவது வாரம் புத்தகத்தை மடியிலேயே மூடி வைத்திருந்தார். நான்காவது வாரத்திலிருந்து வரவில்லை.

நான் போய்ப் பார்க்க ஆறு வாரம் ஆனது. வேலை இருந்தது என்று சொல்லலாம், உண்மை என்னவென்றால் போகக் கூச்சமாக இருந்தது.

அவர் கோபமாக இல்லை. டீ போட்டுக் கொடுத்தார். "ஆச்சி, பர்மியம் உங்களுக்கு நல்லா தெரியுமே, நீங்க பிறந்ததே இங்கதானே" என்று ஆரம்பித்தேன்.

"தெரியாதுன்னு யார் சொன்னா தம்பி? மீன் வாங்க வரும். பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை போட வரும். ஜெபம் பண்ண வரல."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "ஓட்டுப் போட்டீங்களாமே. என்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே."

வெளியே வந்து சைக்காவில், அதாவது சைக்கிள் ரிக்ஷாவில், ஏறி வீடு போகிற வழியெல்லாம் அந்த இரண்டாவது வார்த்தைதான் காதில் இருந்தது. பர்மாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சந்தையில் பேசுகிற பர்மியம் வேறு, கோயிலில் வாசிக்கிற பர்மியம் வேறு. நாங்கள் வாசிப்பது இன்றைக்கும் ஜட்சனின் மொழிபெயர்ப்பைத்தான், ராஜாக்கள் காலத்து நடை, மரியாதைச் சொற்கள் அடுக்கடுக்காக வரும். யாருக்காக அதைக் கொண்டுவந்தோமோ அந்தப் பிள்ளைகளுக்கும் அது முழுசாக விளங்கவில்லை என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். ஜட்சன் கதையையும் நான் பாதிதான் படித்திருக்கிறேன் என்பது அப்புறம் புரிந்தது. அவர் ஆலயம் கட்டி அழைக்கவில்லை. ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகிற வழியில் ஒரு சயாட், நம் ஊர்ச் சாவடி மாதிரி, கட்டி, போகிற வருகிறவர்கள் எப்படி உட்கார்ந்து பேசுவார்களோ அப்படியே தானும் தரையில் உட்கார்ந்தார். கேட்கிற ஆளின் மொழிக்கு அவர் போனார். என் சபையில் கேட்கிற ஆள் மூன்றாவது பெஞ்சில் இருந்தார், அவர் ஜெபிக்கிற மொழி தமிழ். அதை விட்டுவிட்டு நான் ஜட்சன் பெயரைச் சொல்லி அவரைத் தெருவுக்கு அனுப்பியிருந்தேன்.

இதைச் சரிசெய்யலாம் என்று நினைப்பதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா வந்து கோயில் கதவையே பூட்டிவிட்டோம்.

முதலில் ஜூம் கற்றுக்கொண்டோம். வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையான வாட்ச் நைட்டைக்கூட அதிலேயே நடத்தினோம். எல்லாருக்கும் பழகிவந்த நேரத்தில் 2021 பிப்ரவரி வந்தது, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பேஸ்புக்கை முடக்கினார்கள், மார்ச்சில் மொபைல் இண்டர்நெட்டும் நின்றுபோனது, ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற உத்தரவு வேறு. ஐயர் பிரசங்கத்தைக் கையால் எழுதிக் கொடுப்பார், நான் தமிழில் டைப் செய்வேன், என் மகள் அதைப் பர்மியத்தில் எழுதுவாள், பிரிண்டரில் மை இருக்கிறவரை அடித்து, வாலிபர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பெரியவர்களுக்குத் தமிழ்த்தாள், பிள்ளைகளுக்குப் பர்மியத்தாள், ஒரே பிரசங்கம். யாரும் ஓட்டுப் போடவில்லை. யாரும் சண்டையும் போடவில்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு தாளும் போனால் பாட்டியும் பேரனும் உட்கார்ந்து ஒத்துப்பார்ப்பார்கள் என்று வாலிபர்கள் வந்து சொன்னபோது, ஒரு வருஷமாக நான் கமிட்டி அறையில் தேடியது இதுதானே என்று நினைத்தேன்.

அந்த ஜூலை மாதத்தைப் பற்றி எழுதுவது கஷ்டம். ரங்கூனில் இருந்தவர்களுக்குத் தெரியும். கொரோனாவின் மூன்றாவது அலை. ஆஸ்பத்திரிகளில் இடமில்லை, ஆக்சிஜன் நிரப்புகிற இடங்களில் விடிகாலையிலிருந்து ஜனங்கள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வீட்டு வாசலில் வெள்ளைத் துணி தொங்கினால் சாப்பாடு இல்லை என்று அர்த்தம், மஞ்சள் துணி தொங்கினால் மருந்து வேண்டும் என்று அர்த்தம். எங்கள் தெருவில் ஒரு காலை நான் எண்ணியதில் ஒன்பது மஞ்சள்.

கூரை ரிப்பேருக்கு வைத்திருந்த பணத்தில் இரண்டு சிலிண்டர் வாங்கியிருந்தோம். போனிலேயே கமிட்டி கூடி, நாற்பது குடும்பத்துக்கு இரண்டே சிலிண்டர் என்பதால் சபையாருக்கு மட்டும் என்று தீர்மானம் செய்தோம். நானும் சரி என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஆச்சியின் வீட்டுக்குத் தாள் கொடுக்கப் போன பையன் அங்கிருந்தே போன் செய்தான். ஆச்சியின் மாடி வீட்டில் ஒரு பர்மியக் குடும்பம், புத்த மதத்தவர்கள். அந்த வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறல். ஆச்சி போனை அவன் கையிலிருந்து வாங்கினார்.

"மேல் வீட்டுல மூச்சு வாங்குது தம்பி. சிலிண்டரைக் கொடுத்தனுப்பு."

"ஆச்சி, அது சபையாருக்குன்னு தீர்மானம் பண்ணியிருக்கோம்..."

"சபை எதுக்குய்யா இருக்கு?"

அனுப்பினேன். அந்தப் பெரியவர் மூன்று நாள் தாங்கினார், நான்காம் நாள் இறந்துபோனார். அதோடு சிலிண்டர் எங்கள் கையில் நிற்கவில்லை, அந்தத் தெரு முழுக்கச் சுற்றியது. ஒரு ராத்திரி எங்கள் சபை மூப்பர் ஒருவருக்கே மூச்சு முட்டியபோது இரண்டு சிலிண்டருமே வெளியே இருந்தன. ஊரடங்கு நேரம் வேறு. விடிகிறவரை அவர் மனைவி எனக்குப் போன் செய்துகொண்டே இருந்தார், விடிந்த பிறகு வேறு இடத்தில் ஒன்று கிடைத்தது, பிழைத்துக்கொண்டார். அந்த ராத்திரி நான் எடுத்த முடிவு சரிதானா என்று என்னால் இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆச்சி கேட்ட கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை. மாற்றத்துக்குத் தடையாக இருக்கிற பழைய தலைமுறை என்று யாரை மனதுக்குள் எழுதிவைத்திருந்தேனோ, அவர்தான் எங்கள் எல்லாரையும்விடச் சபையின் நோக்கத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். மொழியை மாற்றாதே என்றவரும் அவர்தான், தீர்மானத்தை மீறிக் கொடு என்றவரும் அவர்தான். இரண்டும் எப்படி ஒரே ஆளிடமிருந்து வருகிறது என்று புரிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

2022 மழைக்காலத்தில் கூரை ஒழுகி (பணம்தான் சிலிண்டருக்குப் போய்விட்டதே) உடுப்பு மாற்றுகிற அறையின் அலமாரியைக் காலி செய்தோம். அதில் போருக்குப் பிந்திய முதல் நடவடிக்கைக் குறிப்பேடு கிடைத்தது. கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. பெயர் தெரியாத ஒரு செயலாளரின் கையெழுத்து, சாய்ந்து சாய்ந்து, மையெழுத்து பழுப்பேறி. நான் அதில் பெரிய பெரிய வார்த்தைகளை எதிர்பார்த்தேன். இருந்தவை மூன்று தீர்மானங்கள். ஞாயிறு மத்தியானம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது. உறவு யாரும் இல்லாமல் இறக்கிறவர்களை அடக்கம் பண்ண ஒரு நிதி வைப்பது. வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் வைத்து ஆலைக்காரர்கள் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுவது. "எல்லாரையும்" என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

தமிழைப் பற்றி ஒரு வரி இல்லை. தமிழ் அவர்களுக்கு மூச்சுக்காற்று மாதிரி, அதை யாரும் தீர்மானம் போட்டு எழுத மாட்டார்கள். அவர்கள் எழுதிவைத்தது ஆளைப் பற்றி: கடல் தாண்டி வந்து யாரும் இல்லாமல் நிற்கிறவன். அவனுக்காகக் கூடியதுதான் இந்தச் சபை. ஆச்சியின் அப்பா அப்படி வந்தவர். அதனால்தான் ஆச்சிக்கு மாடி வீட்டுக்காரர் யார் என்ற கேள்வியே எழவில்லை.

இப்போதெல்லாம் சபைகளில் தரிசன வாசகம் என்று ஒன்றை எழுதி பேனர் அடித்து வைக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்காக இந்தச் சபை என்பது அந்த வாசகத்தில் இல்லையென்றால், மாற்றம் வருகிற நாளில் அது உதவாது. மொழியை மாற்றலாமா, நேரத்தை மாற்றலாமா, கட்டிடத்தை விற்கலாமா என்று கேள்வி வரும்போது வாசகம் இரண்டு பக்கத்துக்கும் வளையும். ஆளை நினைத்துக்கொண்டால் வளையாது. இந்த மாற்றத்தால் யார் வெளியே நிற்பார், அவரிடம் போய்க் கேட்டாயா? நான் கேட்கவில்லை. ஒன்பது பேரிடம் கேட்டேன், ஒன்பது பேரும் அறைக்குள் இருந்தவர்கள்.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை அந்தக் காலத்தில் திரும்பத் திரும்ப வாசித்தேன். எருசலேம் சபையிலும் இதே மொழித் தகராறுதான். கிரேக்கம் பேசுகிற விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாட்டில் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் சொல்ல, சபையார் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களிடம் அப்போஸ்தலர்கள் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட பகுதி, ஆனால் அந்த ஏழு பேரின் பெயர்களை நான் அதற்குமுன் கவனித்ததே இல்லை. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். யாருக்குக் குறை இருந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள்.

அதைப் படித்த பிறகுதான் ஆச்சியிடம் திரும்பப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அப்புறம், புது ஆராதனை முறையை நீங்களே எங்களோடு உட்கார்ந்து அமைக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு பெரிய அம்மாமார், மூன்று வாலிபர்கள், ஐயர், நான். ஓட்டெடுப்பு இல்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். எதையும் மூன்று மாதம் செய்து பார்ப்பது, பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்பது.

சில விஷயங்கள் நடக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு ஆரம்பித்தோம், முதல் வாரம் பதினான்கு பேர், இரண்டாம் மாதம் மூன்று பேர், அப்புறம் நின்றுபோனது. டியூஷன், பரீட்சை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திரை போட்டுப் பாட்டு வரிகளைக் காட்டினோம், கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வெயிலுக்கும் கரண்டுக்கும் பயந்து ஆராதனையை ஏழு மணிக்கு மாற்றியது மட்டும் யாரும் எதிர்க்காமல் நிலைத்துவிட்டது.

நிலைத்த இன்னொன்று பாட்டுத்தாள். தமிழ்ப் பாட்டுகளைப் பர்மிய எழுத்தில் எழுதுவது என்று ஒரு வாலிபப் பெண் யோசனை சொன்னாள். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் பர்மிய எழுத்தில் ர என்று எழுதினால் இங்கே எல்லாரும் ய என்றுதான் வாசிப்பார்கள், மொழி அப்படி. முதல் ஞாயிறு பிள்ளைகள் இரக்கம் என்ற வார்த்தையை இயக்கம் என்று பாடினார்கள். பெரியவர்களில் ஒருவர் முகம் சுளித்துத் தாளை மடித்து வைத்தார். ஆச்சி எழுந்து நின்று, பாட்டை நிறுத்தச் சொல்லி, நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் காட்டி, "இ-ர-க்-கம்" என்று நான்கு தடவை சொல்லிக் கொடுத்தார். இப்போது அந்தப் பெண் ரகரம் வருகிற இடமெல்லாம் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறாள். சபையில் பாதிப் பேர் கையில் சிவப்புப் புள்ளித் தாள், மீதிப் பேர் கையில் கீர்த்தனைப் புத்தகம். பாட்டு முழுக்கத் தமிழ், பிரசங்கம் பர்மியம், ஐயர் ஓய்வுபெறும்வரை நடுவில் ஐந்து நிமிஷம் அதன் சாரத்தைத் தமிழில் சொல்வார், ஜெபம் அவரவர் மொழியில் ஒரே நேரத்தில். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சத்தமாகத்தான் இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் அமலுக்கு வருவதாக அறிவிப்பு வந்தது, ஆண்களில் 18 முதல் 35 வயது வரை. அதற்குப் பிறகு எங்கள் வாலிபர் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரமாக எழுத வேண்டியதில்லை. தாய்லாந்து, மலேசியா என்று போய்விட்டார்கள். கிதார் வாசித்தவன் இல்லை, தாள் கொண்டுபோன பையன் இல்லை. பெரியவர்கள் தனியாக ஆனார்கள். அப்போதுதான் ஒரு பெண் பிள்ளை, ஞாயிறு மத்தியானம் கோயிலில் உட்கார்ந்து, போனில் விபிஎன் போட்டு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். அவளிடம் நான் குறிப்பேட்டைக் காட்டியதே இல்லை. அந்தத் திண்ணையில் எழுபது எண்பது வருஷத்துக்கு முன் ஒருவர் மடியில் பலகையை வைத்துக் கடிதம் எழுதிக் கொடுத்தது அவளுக்குத் தெரியாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

2025 மார்ச் 28 பூகம்பத்தில் ரங்கூனுக்குப் பெரிய சேதம் இல்லை, மண்டலையும் சகாயிங்கும்தான் இடிந்து கிடந்தன. அந்த வருஷ அசனப் பணத்தை அப்படியே அனுப்பிவிடலாம் என்று கமிட்டி சொன்னது. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன், இந்தத் தடவை முதலிலேயே கேட்டேன். பாதியை அனுப்பிவிட்டு, பாதியில் கறியில்லாமல் சாம்பாரும் சோறுமாக அசனத்தை வைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள், ஏனென்றால் அசனத்துக்கு வருகிற சைக்காக்காரர்களுக்கும் துறைமுகக் கூலிகளுக்கும் அது வருஷத்தில் ஒரு நாள். மாடி வீட்டு அம்மா, அந்தப் பெரியவரின் மனைவி, வெங்காயம் உரிக்க வந்து காலை ஐந்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது புதுப் போதகர் வந்திருக்கிறார். இருபத்தொன்பது வயது. பெரியவர்கள் ஐயர் என்கிறார்கள், பிள்ளைகள் சயா என்கிறார்கள். அவருடைய அம்மா வழியில் தமிழ், வீட்டில் பேசினால் புரிந்துகொள்வார், வாசிக்கத் தெரியாது. அவரை அழைக்கலாமா என்று பேச்சு வந்தபோது நான் கமிட்டிக்கு முன்னால் ஆச்சியிடம் போய்க் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அடக்க ஆராதனையாவது தமிழ்ல நடத்தத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப செவ்வாய்க்கிழமை வரச் சொல்லு."

இது எட்டாவது செவ்வாய். போன வாரம் நானும் போயிருந்தேன். புதுப் போதகர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடக்க ஆராதனையின் வரிகளைப் பர்மிய எழுத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனா. ஆச்சி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னார். "மண்ணுக்கு மண்" என்ற இடத்தில் சயா ணகரத்தையெல்லாம் னகரமாகச் சொல்ல, ஆச்சி கண்ணைத் திறந்து, "இன்னொரு தரம்" என்றார்.